முகட்டைத் தாண்டி வந்த காற்று

இந்தக் காலத்து ஆட்களுக்கு மழை பெய்கிறதா என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்க்கக்கூட உடம்பு வணங்குவதில்லை, கைப்பேசியைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் தன் மருமகளும் ஒருத்தி என்பதுதான் ரோப்கார் ஓட்டும் கிழவருக்குப் பெரிய எரிச்சல். நிலையத்தின் கூரையில் அவள் ஒரு லேசர் கருவியை வைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மலைமுகடுவரை போய், காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பி, அங்கே அடிக்கும் காற்றின் வேகத்தைச் சொல்லுமாம்.

அன்று மத்தியானம் ரோப்கார் நிறைய ஆட்கள். கிழவர் விசையில் கை வைத்ததும் அவள் கூரையிலிருந்து ஓடி வந்தாள்.

"மாமா, வண்டிய எடுக்காதீங்க! முகட்டுல இருந்து பெருங்காத்து இறங்குது."

"கம்பத்துல கட்டின துணி செத்த பாம்பாட்டம் தொங்குது. உன் கருவிக்கு ஜுரமா?"

"காத்து இங்க வர்றப்போ வண்டி பள்ளத்துக்கு நடுவுல தொங்கும், மாமா. வரலேன்னா கருவிய இன்னைக்கே கழட்டிடறேன்."

"பேச்சு மாறக் கூடாது!" கிழவர் ஆசையாகக் கையை எடுத்தார்.

பயணிகள் முணுமுணுத்து முடிப்பதற்குள் துணி விறைத்து எழுந்தது. கிழிந்து பறந்தே போனது. பள்ளத்துக்கு மேலே இரும்புக் கயிறுகள் ஊஞ்சலாய் ஆடின. உள்ளே இருந்தவர்கள் முதலில் அலறினார்கள், பிறகு கைதட்டினார்கள். மருமகள் துள்ளிக் குதித்தாள்.

"இனிமே இந்தப் பொண்ணு சரின்னாத்தான் வண்டி கிளம்பணும்" என்றார் அலறல் கேட்டு ஓடி வந்த நிலைய மேலாளர்.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்திருக்கு" என்று முனகியபடி, கம்பத்தில் கட்ட வேறு துணி தேடி நடந்தார் கிழவர்.