எட்டு பாகத்தில் பச்சை

எட்டு பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் தன் படகின் மேல் பாசி காடாக வளர்ந்துவிட்டதாகவும், அந்தக் காட்டில் வழி தவறிய தன்னை ஒரு கொடுவா மீன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து வெளியே விட்டதாகவும் ராஜவேல் சொன்னார். வைத்திக்குப்பத்தில் ஒருவர்கூட நம்பவில்லை. வயது அறுபத்தைந்து. கடலடியில் சிக்கிய வலைகளை முங்கி எடுத்துவிடும் வேலையை விட்டே பத்து வருஷம் ஆகிறது. தவிர, முங்குகிறவன் சட்டை போட்டுக்கொண்டா முங்குவான்?

அதிகம் எரிச்சலானவன் மச்சினன் கமலக்கண்ணன். அவனும் முங்குகிறவன்தான். அந்தப் படகோடுதான் ராஜவேலின் மகன், இவனுடைய அக்கா பிள்ளை நிலவன், போன ஐப்பசியில் போய்விட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. ஆறு நாள் முங்கித் தேடினான் கமலக்கண்ணன். மழைத்தண்ணீர் கலந்து கடல் டீ மாதிரி இருந்தது. கையை முகத்துக்கு நேரே நீட்டினால் கை தெரியாது. படகைத் தடவித்தான் கண்டுபிடித்தான். பாசி ஒரு இழை இல்லை, வழவழவென்று இருந்தது.

இருபத்து மூன்று வயதிலும் விளக்கை அணைத்தால் நிலவன் தூங்கமாட்டான். "எம்புள்ள இருட்டுல கெடக்குறான், எனக்கெதுக்கு லைட்டு" என்று தனக்கொடி அக்கா அன்றைக்குச் சாத்திய சன்னலைத் திறக்கவேயில்லை. பெரிய மார்க்கெட்டையே அதட்டி மீன் விற்ற குரல் அந்த இருட்டுக்குள் சுருண்டு கிடந்தது.

கமலக்கண்ணன் மாமாவைத் தனியாக இழுத்துப்போனான். "வெளிச்சம் போவாத எடத்துல பாசி எப்பிடி மாமா புடிக்கும்? அக்காவ ஏமாத்தாத."

"நீ போனது ஐப்பசி. இப்ப பங்குனி, தண்ணி கண்ணாடியா கெடக்குது. போய்ப் பாரு. கொடுவாவ நான் கேட்டதா சொல்லு."

பொய்யை உடைத்துவிடலாம் என்றுதான் மறுநாள் இறங்கினான். இதோ இருட்டும், இதோ இருட்டும் என்று எட்டு பாகமும் போனான். இருட்டவில்லை.

மத்தியானம் ஈரத்தோடு வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான். வாசலில் ராஜவேல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் இடது காதில் ரத்தம் காய்ந்த பஞ்சு இருந்ததை அப்போதுதான் பார்த்தான். பழக்கம் விட்டவன் அந்த ஆழத்துக்கு முங்கினால் காது அப்படித்தான் கிழியும்.

உள்ளே போய் அக்காவின் உள்ளங்கையில், படகிலிருந்து பெயர்த்து வந்த ஒரு சில்லை வைத்தான். நிலவன் தன் கையால் படகுக்கு அடித்த நீலப் பெயிண்டு. அதன்மேல் ஏதோ ஈரமாக ஒட்டியிருந்தது. இருட்டில் அவளுக்குத் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தாள். பச்சைப் பாசி.

"காடெல்லாம் இல்லக்கா, ஒரு சாண்தான்" என்றான் கமலக்கண்ணன். "ஆனா மாமா சொன்னது நெசம். அவங்கிட்ட வெளிச்சம் போவுது."