பழ வாசனை

ஆலங்குடியிலிருந்து வாடகைக் காரில் கூட்டி வந்த டாக்டர், நினைவில்லாமல் கிடந்த திருப்பதியின் வாயருகே குனிந்து முகர்ந்தார். சர்க்கரை முற்றி மயக்கம் வந்தால் மூச்சில் பழ வாசனை அடிக்கும், அதுதான் இது என்று சொல்லிவிட்டு ஊசி மருந்தை எடுக்கப் பெட்டியைத் திறந்தார்.

கதவோரம் மருமகள் சொர்ணவல்லி நின்றிருந்தாள். அது என்ன பழம் என்று அவளுக்குத் தெரியும். சொந்தமாகப் பலாத்தோப்பு வைத்திருந்த மனிதருக்கு, சர்க்கரை வியாதி என்று மூன்று வருஷமாக ஒரு சுளை கிடையாது. மகன் உடையப்பன் போட்ட சட்டம் அது, சர்க்கார் உத்தரவு தோற்றுப்போகும். இன்று மத்தியானம் மாமனார் கெஞ்சியபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. நாலு சுளை கொடுத்தாள். தின்ற ஒரு மணி நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது.

இதைச் சொன்னால் மாமனாரைக் கொன்றவள் என்ற பேர் காலத்துக்கும் நிற்கும். சொல்லாவிட்டால், அந்த ஊசி என்ன செய்யுமோ.

"அது நெசப் பழ வாசனைங்க. மத்தியானம் நாந்தான் பலாச்சுளை குடுத்தேன்."

உடையப்பன் கையை ஓங்கிவிட்டான். டாக்டர் அவனை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து பார்த்தார். ஒரு கண்மணி விரிந்திருந்தது, மற்றது சுருங்கிக் கிடந்தது. மூச்சு விடும்போது ஒரு பக்கக் கன்னம் மட்டும் உப்பியது. குழாய் விட்டு எடுத்த சிறுநீரை நீல மருந்தில் கலந்து காய்ச்சினார். சர்க்கரை முற்றியிருந்தால் செங்கல் நிறத்துக்குப் போக வேண்டியது வெளிர்பச்சையோடு நின்றது.

"ரத்தக் கொதிப்பும்மா. மூளையில குழாய் வெடிச்சிருக்கு. சுளை தின்னாலும் இதுதான், தின்னாட்டியும் இதுதான். நல்லவேளை நீ சொன்னே, சர்க்கரையை இறக்குற ஊசியைப் போட்டிருந்தா நானே முடிச்சிருப்பேன்."

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் திருப்பதி அடங்கினார். சொர்ணவல்லி நன்றாகவே அழுதாள். அழும்போதே நெஞ்சு லேசாகிவிட்டது, அதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆசைப்பட்டதைத் தின்றுவிட்டுத்தானே போனார்.

சொந்தபந்தம் வந்து சேரும் முன் உடையப்பன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

"முந்தாநாள் தோப்புல வச்சு நானும் ரெண்டு சுளை குடுத்தேன்."

மாமியார் ராக்காயி கணவரின் தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

"தெரியும். ரெண்டு நாளும் அவுக உதட்டுல இருந்த பிசினை எண்ணெ தொட்டுத் தொடச்சது நாந்தான்."

சொர்ணவல்லி போய் அந்தத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.