அக்கா வெளியே இருக்கட்டும்

தம்பி வேலை பார்க்கும் வண்டிப் பட்டறை முதலாளியின் போன் வந்தபோது அக்கா பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். உதட்டுக்கிடையில் குண்டூசிகள். அவள் வாயில் ஊசி இருக்கும் நேரம் மட்டும்தான் ஊர்க்கதைக்கு ஓய்வு என்று அவளுடைய தையல் கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "உங்க தம்பி வேலை பாத்துட்டிருந்தப்பவே கீழ விழுந்துட்டார். ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்" என்று கேட்டதும் ஊசிகளைத் துப்பிவிட்டு, கடையைப் பூட்டினோமா இல்லையா என்றுகூட யோசிக்காமல் ஓடினாள்.

ஆஸ்பத்திரி மேசையில் ஒரு சின்ன வயது நர்ஸ் இருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. கண் முழிச்சுட்டார். நல்லா பேசுறார். கொஞ்ச நேரத்துல பாக்கலாம்."

"என்னாச்சு அவனுக்கு?"

"அதை அவர்தான் சொல்லணும். தன் உடம்பைப் பத்தி யார்கிட்டயும் பேச வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

"யார்கிட்டயும்னா வெளியாளுங்ககிட்ட. நான் என்ன வெளியாளா? அவனுக்கு மூக்கு சிந்திவிட்டதே நான்தான்!"

நர்ஸ் முகம் சுளிக்கவில்லை. "புரியுதும்மா. ஆனா இப்ப அவருக்கு நாப்பது வயசு. அவர் சரின்னு சொன்னா நாங்களே உங்களைக் கூப்பிட்டுச் சொல்வோம்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அங்கிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை என்று மனசு முணுமுணுத்தது. அப்பாவும் அம்மாவும் ஆலையில் மாறி மாறி ஷிப்ட் போவார்கள். தம்பிக்குக் காய்ச்சல் என்றாலும் வயிற்றுவலி என்றாலும் கையைப் பிடித்துத் தெருக்கோடி டாக்டரிடம் கூட்டிப் போவது அவள்தான். ஒரே அறை, நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் காத்திருக்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் நடப்பது அத்தனையும் கேட்கும். டாக்டருக்கு வெண்கலக் குரல். தம்பியின் வாயைத் திறந்து பார்ப்பாரே தவிர, அவனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "என்ன பண்ணுது இவனுக்கு?" என்று அக்காவைத்தான் கேட்பார். அவளும் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பாள். முழங்கால் தெரியும் பாவாடை வயதில், தான் ஒரு பெரிய மனுஷி என்று அவளுக்குத் தோன்றியது அந்தத் திரைக்குப் பின்னால்தான். டெட்டால் வாசமும், கம்பவுண்டர் கண்ணாடிக் குடுவைகளை வைத்து எடுக்கும் சத்தமும் இப்போதும் அவளுக்கு இனிக்கும்.

ஒருநாள் டாக்டர் முழங்கினார்: "வயித்துல பூச்சி!" காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தம்பிக்குப் பூச்சி என்று பெயர் விழுந்துவிட்டது. இன்றைக்கும் பட்டறையில் அதே பெயர்தான்; அவனுடைய நிஜப் பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருக்கும்.

நர்ஸ் வந்து உள்ளே கூட்டிப் போனாள். தம்பி நெற்றியில் கட்டுடன் படுத்திருந்தான். உதட்டோரம் வீங்கியிருந்தது. அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன்க்கா."

அதற்குள் டாக்டர் அம்மா வந்துவிட்டார். அக்கா பழக்கதோஷத்தில் எழுந்து நின்று தொடங்கினாள்: "டாக்டர், இவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே…"

டாக்டர் தலையசைத்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினார். "உங்க அக்கா இருக்கும்போது பேசலாமா?"

தம்பி போர்வையைப் பார்த்தான். "அக்கா வெளிய இருக்கட்டும் டாக்டர்."

அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவின் போன்.

"என்னம்மா, பயலுக்கு என்னவாம்? ஹார்ட்டா? குடிக்கிறானா?"

"தெரியாது சித்தப்பா."

"தெரியாதா? உனக்கா?"

"அவன் உடம்பு. அவன்தான் சொல்லணும். தோணினா அவனே கூப்பிட்டுச் சொல்வான்."

"நல்லா இருக்கே! நான் அவனைத் தோள்ல தூக்கிச் சுமந்தவன்."

"நானும்தான் சுமந்தேன் சித்தப்பா. என்னையே வெளிய உக்கார வெச்சுட்டான்."

சித்தப்பா பட்டென்று வைத்துவிட்டார். நர்ஸின் வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததில் அக்காவுக்கே ஆச்சரியம். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அவனுக்காகக் கதவை மறித்து நின்றுவிட்டோம் என்பதில் ஏதோ ஒரு திருப்தி.

டாக்டர் போன பிறகு உள்ளே போனாள்.

"கோவமாக்கா?"

"பின்ன, குளுகுளுன்னா இருக்கும்?"

அவன் சிரித்தான்; உதடு வலித்து முகம் சுருங்கியது. "அந்தப் பழைய டாக்டர் ஞாபகம் இருக்கா? பூச்சின்னு சொன்ன மறுநாள்லேர்ந்து ரொம்ப நாள் நான் ஸ்கூல்ல மத்தியானம் சாப்பிடலைக்கா. டப்பாவைத் திறந்தாலே 'பூச்சிக்குத் தீனி'ன்னு கத்துவானுங்க."

"டப்பா காலியாத்தானேடா வரும்?"

"வர்ற வழியில நாய்க்குப் போட்டுருவேன்."

காலி டப்பாவைக் கழுவும்போதெல்லாம் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று பூரித்தவள் அக்கா.

"உன்மேல தப்பு சொல்லலை. நீயும் சின்னப் பொண்ணு. யாராவது பூச்சின்னு கூப்பிட்டா இப்ப எனக்கும் சிரிப்புதான் வருது. ஆனா இது வேற. இதை யாருக்கு, எப்போ சொல்றதுன்னு நானே பாத்துக்கிறேன்."

"சரி" என்றாள். சின்ன வார்த்தைதான். சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு கடைக்கு வந்தவர்கள் விசாரித்தார்கள். "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பற்றிப் பேசினாள். அவளுக்கும் அதற்குமேல் தெரியாது. ராத்திரியானால் போனை எடுப்பாள், வைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனே வந்தான். கடைக்கு விடுமுறை. கட்டிங் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கொஞ்ச நேரம் அளவு டேப்பைச் சுருட்டினான், பிரித்தான்.

"வலிப்புக்கா. மாத்திரை போட்டா கட்டுக்குள்ள இருக்குமாம். கொஞ்ச நாள் வண்டி ஓட்டக் கூடாது. பட்டறையில வண்டிக்கு அடியில பள்ளத்துல இறங்குற வேலை வேண்டாம்னு முதலாளிகிட்ட நானே பேசிட்டேன்."

அவள் நெஞ்சில் நூறு கேள்வி முட்டியது. ஒன்றைத்தான் கேட்டாள். "சித்தப்பாகிட்ட சொல்லலாமா?"

"மைக் வெச்சுச் சொன்ன மாதிரி ஆயிடும். வேண்டாம். உன்னோட இருக்கட்டும்."

"இருக்கும்டா."

டீ போட்டாள். இருவரும் மேசையிலேயே உட்கார்ந்து குடித்தார்கள்.

"கம்பவுண்டர் ஒரு ரோஸ் மருந்து கலக்கித் தருவாரே," என்றான் தம்பி. "என்ன ருசி! இப்பத் தர்ற மாத்திரை ஒரே கசப்பு."

"பாட்டில் வீடு வந்து சேரும்போது பாதிதான் இருக்கும். வழியெல்லாம் குடிச்சுருவே."

"நானா? சரியா இருக்கான்னு பாக்கறேன்னு முதல் வாய் குடிச்சது யாராம்?"

அக்கா மறுக்கப் பார்த்தாள். முடியவில்லை. டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள்.