ரெண்டு குதி குதித்தால் தம்பி

ரேடியோ என்றால் அலமாரியில் வைக்கிற ரேடியோ இல்லை, அக்காவின் தம்பி. பேச்சு வந்த நாளிலிருந்து தூக்கத்தில்கூட வாய் மூடாதவன் என்பதால் வீட்டில் விழுந்த பட்டப்பெயர் அது. பெயருக்கு ஏற்ற பிழைப்பும் அமைந்தது. மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிற வேலை. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்று அவன் குரல் கொடுத்தால், வெளியே லாரி கழுவிக்கொண்டிருப்பவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டு விலை கேட்பான் என்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த வாய் ஒரு நாள் ஸ்டூல் மேல் நின்றபடியே, விலையைப் பாதி சொல்லும்போதே நின்றுபோனது. பக்கவாதம். வலது கால், வலது கை, பேச்சு என்று மூன்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. கால் மெல்லத் திரும்பியது. கை அரைகுறையாகத் திரும்பியது. பேச்சு மட்டும் போனது போனதுதான். வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேச்சு போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. தம்பி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பசிக்கிறதா என்றால் தலையாட்டுவதில்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். உள்ளே அவன் இருக்கிறானா, இல்லை கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டானா? அது ஒன்று தெரிந்தால் போதும் அவளுக்கு. தம்பி மனைவி அந்தக் கேள்வியை நினைக்கவே பயந்தாள். அக்கா பயப்படுகிற ஜாதியில்லை. அவன் காதருகே குனிந்து கேட்டே விட்டாள்.

"டேய், உள்ள இருக்கியாடா?"

அவன் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான்.

அந்த வாரம்தான் பழைய போர்வை எடுக்கத் தன் வீட்டுப் பரணில் கைவிட்டவளுக்கு ஒரு அட்டைப்பெட்டி தட்டுப்பட்டது. உள்ளே சின்ன வயதில் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்ட வீடியோ கேம். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா எங்கேயோ தூர தேசத்தில் வாங்கி வந்தது. கூடவே செங்கல் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அந்த நாட்டுச் சாமானுக்கு நம் கரண்ட் ஜாஸ்தி, குறைத்துக் கொடுக்காவிட்டால் பொசுங்கிவிடும் என்று சித்தப்பா அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். பெரிய தொப்பி போட்ட இரண்டு குட்டி மனிதர்கள் குகைக்குள் ஓடுவார்கள். பல் முளைத்த நத்தைகள் கடிக்க வரும். தாண்டிக் குதிக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் ஒரு வினை இருந்தது. அவர்கள் வீட்டு டிவியில் எல்லா நிகழ்ச்சியும் கலரில் வரும், தொப்பிக்காரர்கள் மட்டும் கறுப்பு வெள்ளையில் வருவார்கள். ஒவ்வொரு நாடும் கலரை ஒவ்வொரு விதமாக அனுப்பும், பழக்கமில்லாத டிவிக்கு அது புரியாது என்பது அன்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? அப்பாவுக்குத் தன் டிவியைக் குறை சொன்னால் ஆகாது. டிவியில் ஒரு கோளாறும் இல்லை, அந்த நாடே கறுப்பு வெள்ளைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். பிள்ளைகளும் ரொம்ப நாள் அதை நம்பித் தொலைத்தார்கள்.

கலர் இல்லாததால் இரண்டு தொப்பிக்காரர்களும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இடம் வேறு மாறி நிற்பார்கள். எது நான், எது நீ? நத்தை ஒருத்தனைக் கடித்து அவன் மல்லாந்து விழுந்தால் போச்சு, வீடு இரண்டுபடும். செத்தது நீ, நான் இல்லை என்பான் தம்பி. செத்தது நீதான்டா என்று அக்கா அவன் முடியைப் பிடிப்பாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இருவரும் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருநாளும் ஒருத்தரும் விட்டுக்கொடுத்ததில்லை. கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். ஆட்டம் ஆரம்பித்ததும் அக்கா, "யாருடா அது?" என்று கேட்பாள். ரெண்டு குதி குதித்தால் தம்பி. சும்மா நின்றால் அக்கா. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை, அது வேறு விஷயம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். கூடத்துச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு புது டிவி தொங்கியது. அதில் இந்தப் பழைய ஒயரைச் சொருகவே ஓட்டை இல்லை. கடையில் விசாரித்து, நடுவில் மாட்டுகிற ஒரு சின்ன டப்பாவை வாங்கி வந்தாள். படம் வந்தது. வந்த வேகத்தில், வராமலே இருந்திருக்கலாமே என்று ஆகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் தொப்பிக்காரன் ஒரு கணம் யோசித்துவிட்டு அப்புறம்தான் குதித்தான். அதற்குள் நத்தை கடித்துவிடும். தம்பி மடியில் ஜாய்ஸ்டிக்கை வைத்திருந்தாள். அவன் விரல் ஒரு தடவை அசைந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். தொப்பிக்காரன் தாமதமாக எழும்பி நேராக நத்தையின் வாயில் விழுந்தான். தம்பி ஜாய்ஸ்டிக்கைப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த ஒரு அசைவு போதும் அவளுக்கு. அன்றைக்கே முதுகு புடைத்த அந்தக் காலத்து டப்பா டிவி ஒன்றைத் தேட ஆரம்பித்தாள். அதற்கு யோசனை கிடையாது, அழுத்தினால் அந்த நொடியே குதிக்கும்.

அக்காவுக்கு வேலை பல் கட்டுகிற லேபில். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுக்கு ஏற்ப பொய்ப்பல் செய்து, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துப் பூசுகிற வேலை. வெள்ளையில் இத்தனை வெள்ளையா என்று புதிதாக வருகிறவர்கள் வாய் பிளப்பார்கள். வேலை முடிந்ததும் விளையாட்டுப் பெட்டியையும் கரண்டைக் குறைக்கிற அந்தச் செங்கல்லையும் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்புவாள். ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாள். பழைய இரும்புக் கடையில் இருந்த டிவிகளுக்கு முதுகு மட்டும்தான் இருந்தது, வயிற்றை உருவியிருந்தார்கள். ஒரு வீட்டில் டிவி மீன் தொட்டி ஆகிவிட்டிருந்தது. இன்னொரு வீட்டில் அதன் மேல் பூனை குட்டி போட்டிருந்தது, கிளப்ப மாட்டேன் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். நியாயம்தானே.

செருப்புத் தைக்கிறவர் ஒருவர் வீட்டில் உயிரோடு ஒன்று கிடைத்தது. மாட்டிப் பார்த்தாள். படம் மேலும் கீழும் ஓடியது, பின்னால் ஒரு திருகைத் திருகியதும் நின்றது. ஆனால் கறுப்பு வெள்ளை. அதே பழைய சாம்பல் தொப்பிகள். கேட்டால் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது. அவளுக்குத்தான் மனசு வரவில்லை. நாள் பூராவும் நிறம் பார்த்துப் பிழைக்கிறவள், இத்தனை வருஷம் கழித்து என் தம்பிக்கு மறுபடியும் சாம்பலா என்று ரோஷம் வந்துவிட்டது. கலரில் பார்த்தால் அவன் கண் விரியும், கட்டாயம் திரும்பிப் பார்ப்பான் என்று தனக்குத்தானே சத்தியம் செய்யாத குறை. நன்றி சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அப்புறம் அலைந்த அலைச்சலில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில், ஒரு காலத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் வந்து நின்றாள். வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரர்கள் அனுப்பும் கேசட்டுகளை இங்கே ஓடுகிற கேசட்டுக்கு மாற்றிக் கொடுப்பதும் அவர் தொழிலாக இருந்ததாம். அதற்கென்றே எல்லா நாட்டுக் கலரும் தெரிந்த ஒரு டிவி வைத்திருந்தார். இப்போது எல்லோரும் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், டிவிக்கும் அவருக்கும் ஓய்வு. முதலில் தரமாட்டேன் என்றார். காப்பிக் கடையில் அலங்காரத்துக்கு வைக்கிறோம் என்று ஏற்கெனவே கேட்டு வந்த இரண்டு பேரைத் துரத்தி விட்டிருக்கிறார். அக்கா தம்பியைப் பற்றிச் சொன்னாள். பாதியில் நிறுத்திவிட்டு, கூடையிலிருந்த விளையாட்டுப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் உள்ளே போய் டிவி மேல் இருந்த துணியை எடுத்து மடித்தார். "இதுக்குத் தெரியாத நாடே கிடையாதும்மா," என்றார்.

டிவியைத் தம்பி வீட்டு மாடிக்கு ஏற்றுவதற்குள் நாலு பேருக்கு நாக்குத் தள்ளியது. ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, அவன் பார்வை விழுகிற இடத்தில் வைத்தார்கள். செங்கல் ரீங்காரம் போட்டது. திரை விழித்தது.

அடேயப்பா, என்ன நிறம். ஒரு தொப்பி ஆரஞ்சு, ஒரு தொப்பி நீலம். குகை சாம்பல் இல்லை, கரும்பச்சை. நத்தைகளுக்கு மஞ்சள் பல். தன் தொப்பி சிவப்பு என்று இத்தனை காலம் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தவள், கொஞ்ச நேரம் தம்பியை மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பினாள்.

தம்பியும் பார்த்தான். வீடு மாறி வந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் தேடியது டிவியை இல்லை, அவனை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அவன் உள்ளே இல்லை. இருந்திருந்தால் இதற்காவது திரும்பியிருப்பான். அழுகை வந்தது. தம்பி மனைவிக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தம்பி மனைவி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆட்டத்தின் கதையைப் புருஷன் வாயால் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணி, அவர் சொன்ன கதையில கலரே கிடையாதே."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய், திரைக்குக் கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்து, கலர் திருகைப் பிடித்து மெதுவாகக் குறைத்தாள். ஆரஞ்சு வடிந்தது. நீலம் வடிந்தது. மஞ்சள் பற்கள் வெளுத்தன. கடைசியில் சாம்பல் குகைக்குள் சாம்பல் தொப்பிக்காரர்கள் இருவர், அச்சு அசல் ஒரே மாதிரி. செருப்புத் தைக்கிறவர் வீட்டில் அன்றைக்கே பார்த்த அதே படம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான்.

ஒரு ஜாய்ஸ்டிக்கை அவன் மடியில் வைத்தாள். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் உட்கார்ந்த மாதிரியே டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டாள். ஆட்டத்தை ஆரம்பித்தாள். அவனைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. திரையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"யாருடா அது?"

இரண்டு பேரும் நின்றார்கள். குகையின் கோடியில் நத்தை ஒன்று புறப்பட்டது. அக்கா எதையும் அழுத்தவில்லை. சும்மா நிற்பதுதான் அவள் சட்டம். செங்கல்லின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

இடது பக்கத்தில் நின்றவன் ஒரு குதி குதித்தான்.

கை தவறிப் பட்டிருக்கும் என்று அவள் மனசைக் கட்டுப்படுத்திக்கொண்டாள். நத்தை பாதி வழி வந்துவிட்டது.

இன்னொரு குதி.

திரும்பிப் பார்த்தாள். சரியாக வராத வலது கையை ஜாய்ஸ்டிக்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து, ஒற்றை விரலைப் பொத்தான் மேல் வைத்திருந்தான் தம்பி. கண் திரையை விட்டு அசையவில்லை. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் கை ஓடாதது நத்தைக்கு என்ன தெரியும்? அது வந்து, சும்மா நின்றுகொண்டிருந்தவனைக் கடித்தது. அவன் தொப்பியோடு மல்லாந்து விழுந்தான். மற்றவன் அதைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போய் நின்றான்.

தம்பி இடது கையைத் தூக்கினான். விழுந்து கிடந்தவனை விரலால் காட்டினான். பிறகு அதே விரலை மெதுவாகத் திருப்பி அக்காவைக் காட்டினான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பாதி சிரித்தது.

அக்கா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். அத்தனை வருஷமும் விட்டுக்கொடுக்காததை அன்றைக்கு விட்டுக்கொடுத்தாள்.

"ஆமாடா," என்றாள். "செத்தது நான்தான். நீ இருக்கே."