மூன்று தடவை நின்ற கார்

ரிமோட்டைத் தேடிச் சவப்பெட்டிக்கு அடியில்கூடக் கையை விட்டுப் பார்த்துவிட்டாள் ரொவீனா. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் காதலன் ஜெரோமின் அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். டிவியிலோ, பெண் கேட்க வந்த பணக்காரச் சீமாட்டி முத்துமாலையோடு வாத்துக் கூண்டின்மேல் உட்காரப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்பா எஸ்தேபானுக்கு உயிரான படம் அது. பொருந்தாத இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேசப் படுகிற பாடு. துக்கத்துக்கு வந்து சீட்டாடிக்கொண்டிருந்த அண்டை வீட்டார், பெட்டிக்குள் அவர் கேட்டுக்கொண்டு படுத்திருக்கட்டும் என்று போட்டுவிட்டிருந்தார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு. அப்பா அதற்கென்று சட்டை தைத்து வைத்திருந்தார். "அவங்க கிளம்பிப் போகும்போது, படத்துல பொண்ணோட அப்பா செய்யற மாதிரியே ஓடிப்போய் அவங்க காரை மூணு தடவை நிறுத்துவேன் பாரு. முதல்ல அரிசிக் கேக் குடுக்க. அப்புறம் மாங்கா. மூணாவது ஒண்ணுமில்ல, சும்மா அவங்க மூஞ்சியப் பார்க்க."

வியாழக்கிழமை, தான் ஆளேற்றி ஓட்டும் ஜீப்னி வண்டியின் ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இப்போது அந்தச் சட்டையில் பெட்டியின் கண்ணாடி மூடிக்குக் கீழே கிடந்தார். ஊரறிந்த இரும்புக்கடை ஓங் குடும்பம் இனி ஜீப்னிக்காரன் மகளைக் கேட்குமா? அப்பா செத்துக் கிடக்கையில் தனக்கு இந்த நினைப்பு வருகிறதே என்றும் சேர்த்து அழுதிருந்தாள் ரொவீனா.

ஜெரோமின் அப்பா ஓங் வெள்ளைச் சட்டையில் வந்து பெட்டி முன் தலை குனிந்து நின்றார். ஜெரோமின் அம்மா கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி உட்கார இடம் தேடினாள்.

"மன்னிச்சிடுங்க அங்கிள், டிவியை நிறுத்திடுறேன்."

"இருக்கட்டும்மா."

படத்தில் பெண்ணின் அப்பா சூப்புப் பானையோடு வந்தார். "பேசிட்டுச் சாப்பிடுறதா, சாப்பிட்டுட்டுப் பேசுறதா?"

"சாப்பிட்டாத்தான் சண்டைக்குத் தெம்பு வரும்" என்றார் ஓங், டிவியில் பதில் வருவதற்கு முன்பே.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடையில ஆள் வராதப்ப பார்ப்பேன்" என்றார் அவர் கூச்சத்துடன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு அருகில் போட்டுக்கொண்டார். "சம்பந்தி, ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருந்தேன். வந்துட்டேன். உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் குடுங்க."

சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

ஓங், ரொவீனாவின் அம்மா பெலிசாவிடம் திரும்பினார். "எங்க சீனர் வழக்கத்துல சாவு விழுந்தா நூறு நாளைக்குள்ள கல்யாணத்தை முடிக்கணும், இல்லேன்னா மூணு வருஷம் காத்திருக்கணும். உங்கள்ல எப்படி?"

"ஒரு வருஷம் கழியணும்."

"அப்ப ஒரு வருஷம்."

ஜெரோமின் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெட்டியைப் பார்த்தாள். நெஞ்சோடு பிடித்திருந்த கைப்பையைக் கீழே இறக்கினாள்.

"அவரு இருந்தா முதல்ல சாப்பிடச் சொல்லியிருப்பாரு" என்றாள் பெலிசா.

"சாப்பிடுறோம்" என்றாள் ஜெரோமின் அம்மா. இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி வந்தது. அவள் முழுக் கிண்ணமும் குடித்தாள்.

அவர்கள் கிளம்பியபோது பெட்டியோரம் உட்கார்ந்திருந்த ரொவீனாவும் எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு. சாவு வீட்டுக்காரங்க யாரையும் வழியனுப்பக் கூடாது."

"தெரியும்மா. ஆனா அப்பா..."

"எனக்கும் தெரியும்டி."

திறந்த கதவு வழியே தெரு தெரிந்தது. கார் நகர்ந்து, நாலு வீடு தள்ளி நின்றது. ஓங் இறங்கினார். வாசலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஏறிக்கொண்டார். தண்ணீர்க் குழாயடியில் மறுபடியும் நின்றது. மறுபடியும் இறங்கினார். ரொவீனாவுக்கு அழுகை தாங்கவில்லை. கண்ணீர் பெட்டியின் கண்ணாடியில் விழுந்தால் ஆகாதென்று அம்மா தன் கையை அவள் முகவாய்க்குக் கீழே ஏந்தினாள்.

தெருமுனையில் கார் மூன்றாவது தடவை நின்றது. இறங்கியவர் யாரும் வராத வாசலைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறிக் கதவைச் சாத்தினார்.

கார் திரும்பி மறைந்த பிறகுதான் அம்மா மணிக்கட்டை விட்டாள்.