துறைமுகத்தில் ராணுவ லாரிகள்

ரிச்சர்ட்ஸ் டவுன் தேவாலயத்தின் பாடகர் குழு முதன்முதலாக வெளிநாடு போகவிருந்தது. ஒரு சின்னத் தீவு நாட்டின் துறைமுக நகரத்தில் இசை விழா. விசா வந்துவிட்டது. பெண்களுக்கெல்லாம் ஒரே நீலத்தில் புடவை எடுத்தாகிவிட்டது. அப்போதுதான் ஒரு சனிக்கிழமை காலை, குழுவில் இருந்தும் இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுக்காத ஆஞ்சலா, வாட்ஸப்பில் ஒரு அறிக்கையை அனுப்பினாள். கூடவே, "என் பையன் டேரில் எழுதியது. எல்லோரும் கட்டாயம் படிக்கவும்" என்று பெருமையாக ஒரு வரி.

அறிக்கையில் செயற்கைக்கோள் படம் ஒன்று இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய மைதானத்தில் வரிசையாக லாரிகள், வெள்ளைக் கூடாரங்கள், எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்பு வட்டங்கள். கீழே எழுதியிருந்தது: "ராணுவம் குவிகிறது. ஆட்சிக் கவிழ்ப்புக்கான ஆயத்தம். கள மருத்துவமனை தயார். எங்கள் ஆய்வுக் குழுவின் கணிப்பு, மிக உறுதியானது."

ஐரின் காலை தோசையை முடிப்பதற்குள் குழுவின் செயலாளர் சில்வெஸ்டர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். அவர் ஐரினைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. வெளிநாடுகளில் கப்பலும் கிடங்கும் வைத்திருக்கும் கம்பெனிகள், அந்தந்த நாட்டு ராணுவம் என்ன செய்கிறது என்று தனியார் உளவு ஆய்வு நிறுவனங்களிடமிருந்து அறிக்கை வாங்குவதுண்டு. அந்த அறிக்கைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று படித்து மதிப்பெண் போடுவதுதான் ஐரினுக்கு ஆபீசில் வேலை.

"கான்சல் பண்ணிடலாமா, சொல்லும்மா," என்றார் சில்வெஸ்டர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். "டேரில் நம்ம கண்ணு முன்னாடி வளந்த பையன். பொய் சொல்ல மாட்டான்."

"பொய் சொல்ல மாட்டான் அங்கிள். தப்பா சொல்லலாம் இல்ல?"

அடுப்படியிலிருந்து ஐரினின் அம்மா ஜோசஃபின் எட்டிப் பார்த்தாள். குழுவை நடத்துகிறவளே அவள்தான். "இங்க உக்காந்து பேசறதுக்கு அவனையே போய்க் கேட்டுடேன். ஃபிரேசர் டவுன் என்ன டெல்லியிலயா இருக்கு?"

ஐரின் போனாள். டேரிலுக்கு இருபத்தாறு வயது. சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ராணுவச் செய்திகளை அலசும் சேனல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான். அறையில் இரண்டு பெரிய திரைகள், மடிக்காத போர்வை, சுவர் நிறைய வரைபடங்கள். பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஆஞ்சலா டீயும் காரா பன்னும் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க ஆய்வுக் குழு எங்க டேரில்?"

"குழுன்னா... நான்தான் அக்கா. மம்மி ஸ்பெல்லிங் பாப்பாங்க."

ஐரினுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பத்து நிமிடம் அவன் பேசக் கேட்டதும் மரியாதையும் வந்தது. படத்தை முறையாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தான். எடுத்த தேதி, இடம் எல்லாம் சரி. நிழலை அளந்து லாரிகளின் நீளத்தைக் கண்டுபிடித்திருந்தான். அவை ராணுவ லாரிகள்தான் என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை.

"லாரி நிக்குதுங்கறது நீ பாத்தது. அதை நான் நம்பறேன். ஆட்சியைக் கவுக்கப் போறாங்கங்கறதை எங்க பாத்த?"

"மூணு சோர்ஸ் இருக்கு அக்கா," என்று உற்சாகமாகத் திரையைத் திருப்பினான். "என் படம் ஒண்ணு. கப்பல்களைப் பத்தி எழுதற ஒரு வெளிநாட்டு பிளாக், அது ரெண்டு. அந்த ஊர் நியூஸ் சைட், அது மூணு. மூணும் ஒரே விஷயத்தைச் சொல்லுது."

"அந்த பிளாக்குக்கு யார் சொன்னாங்களாம்?"

டேரில் பக்கத்தை மெல்லக் கீழே தள்ளினான். கடைசியில் சின்ன எழுத்தில், 'இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தெரிவிப்பது' என்று இருந்தது. அதன் மேல் அழுத்தியதும் திறந்தது அவனுடைய சேனல்தான். நான்கு நாளைக்கு முன்னால் அவனே, 'கவிழ்ப்பாக இருக்குமோ?' என்று கேள்விக்குறி போட்டு எழுதியிருந்த பதிவு. நியூஸ் சைட்டைத் திறந்தார்கள். அது அந்த பிளாக்கை வரி விடாமல் எடுத்துப் போட்டிருந்தது. வழியில் எங்கோ கேள்விக்குறி உதிர்ந்துபோயிருந்தது.

டேரிலின் காது சிவந்துவிட்டது. "அப்ப நான் சொன்னதை நானே நம்பியிருக்கேனா?"

"எங்க ஆபீஸுக்குப் பெரிய பெரிய ஜெனரல்ங்க வச்சு நடத்தற கம்பெனியிலருந்து வர்ற ரிப்போர்ட்லயும் இது நடக்கும்டா. பன்னைச் சாப்பிடு. இன்னொண்ணு கேக்கணும். இந்த மைதானம் சாதாரணமா எப்படி இருக்கும்?"

"காலியா இருக்கும். போன மாசப் படம் இருக்கு, பாருங்க."

"போன வருஷம் இதே வாரம்?"

அதை அவன் பார்க்கவில்லை. இருவரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு தேடினார்கள். இலவசமாகக் கிடைத்த பழைய படங்கள் மங்கலாகத்தான் இருந்தன. ஆனாலும் போன வருடம் அதே வாரம், அதே மைதானத்தில், அதே வெள்ளைக் கூடாரங்கள் தெரிந்தன. அதற்கு முந்தைய வருடமும் அப்படியே.

"கடவுளே," என்றான் டேரில். "வருஷா வருஷம் கவுக்கறாங்களா?"

ஆஞ்சலா உட்பட மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு நடந்தபோது ஐரினுக்கு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆபீசில் அவள் போடும் மதிப்பெண்ணால் ஒரு கப்பல் வேறு வழியில் போகும், அவ்வளவுதான். இங்கே அவள் சொல்லை நம்பி விமானம் ஏறப்போவது அவளுடைய அம்மா. விழாக்காரர்களுக்கு எழுதிக் கேட்டாள். மாலையே பதில் வந்தது: துறைமுக விழாவை ஒட்டி ராணுவம் வருடந்தோறும் கொண்டாடும் படைப்பிரிவு நாள் வருகிறது, விழாவுக்குக் கூடாரம் அடித்துத் தருவதே அவர்கள்தான், நீங்கள் பாடப்போவதும் அந்தக் கூடாரம் ஒன்றில்தான். படித்ததும் அவளுக்கு மனம் லேசானது. பிறகு, நாம் வரவேண்டும் என்று நினைக்கிறவர்கள் வேறு என்ன எழுதுவார்கள் என்றும் தோன்றியது. படங்களோடு ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் அதை ஏற்றுக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பாரிஷ் ஹாலில் கூட்டம். அவள் கேட்டுக்கொள்ளாமலே டேரில் வந்திருந்தான். அவனே எழுந்து நின்றான்.

"நான் பாத்தது சரி, சொன்னது தப்பு. மூணு சோர்ஸ்னு சொன்னேன். மூணும் நானேதான். ஸாரி."

ஹாலில் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் முணுமுணுப்பு. ஐரின் பழைய படங்களையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். "இது வருஷா வருஷம் நடக்கற விஷயம்னு நல்லாவே தெரியுது. ஆனா இந்த வருஷம் லாரி கொஞ்சம் அதிகமாத் தெரியுது. ஏன்னு எனக்குத் தெரியல. பழைய படம் மங்கலா இருக்கறதாலயும் அப்படித் தெரியலாம்."

"இப்ப போலாமா, வேணாமா? ஒரு வார்த்தையில சொல்லும்மா," என்றார் சில்வெஸ்டர்.

"ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன் அங்கிள். ஆபத்துன்னு சொல்றதுக்கு இந்த ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல. எங்க அம்மா போறதை நான் தடுக்க மாட்டேன்."

ஜோசஃபின் எழுந்தாள். "எனக்குப் புரிஞ்சிடுச்சு. யார் யார் வர்றீங்க, கை தூக்குங்க. பயமா இருக்கறவங்க தூக்க வேணாம், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

இரண்டு பேரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். சில்வெஸ்டர் நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தூக்கினார்.

அன்றைக்கே டேரில் சேனலில் திருத்தம் போட்டான். பழைய படங்களையும் சேர்த்துப் போட்டு, எங்கே சறுக்கினான் என்பதை ஒளிக்காமல் எழுதினான். 'ஆய்வுக் குழு' என்பதையும் எடுத்துவிட்டான். கண்டபடி திட்டியவர்கள் உண்டு, சொல்லாமல் கொள்ளாமல் விலகியவர்களும் உண்டு. இரண்டு நாள் அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. மூன்றாம் நாள் அந்தக் கப்பல் பிளாக்காரரிடமிருந்து மன்னிப்பும் நன்றியும் வந்தது. "அவரும் தனி ஆள்தானாம் அக்கா," என்று ஐரினுக்கு போன் போட்டுச் சொன்னான். குரலில் பழைய துள்ளல் திரும்பியிருந்தது.

குழு புறப்பட்டுப் போனது. ஐரின் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாளே தவிர, அந்த வாரம் முழுக்க போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. விழா நாளன்று மத்தியானம் தனியாக இருக்கப் பிடிக்காமல் ஆஞ்சலா வீட்டுக்கே போய்விட்டாள். மூவரும் சோபாவில் நெருங்கி உட்கார்ந்திருக்கும்போது ஜோசஃபின் வீடியோவில் கூப்பிட்டாள். நீலப் புடவை, தலையில் யாரோ வைத்துவிட்ட மஞ்சள் பூ, பின்னால் ராணுவ பேண்டின் வெள்ளை உடுப்புகள்.

"ஐரின், கேக்குதா? எங்க பாட்டு ஜனங்களுக்குப் பிடிச்சிடுச்சு, இன்னொரு தரம் பாடச் சொல்றாங்க! பேண்ட் மாஸ்டர் எங்ககூட சேந்து வாசிக்கறாராம். சில்வெஸ்டர் அவரோட செல்ஃபி எடுத்துக்கிட்டே நகர மாட்டேங்கறாரு. வைக்கறேன், கூப்பிடறாங்க!"

வைக்கிறேன் என்றாளே தவிர வைக்கவில்லை. போன் யாருடைய கையிலோ மாறியது. தாரை ஒன்று முழங்கியது, ஜோசஃபினின் கை உயர்ந்தது, தமிழ்ப் பாட்டு அந்தக் கூடாரத்தை நிறைத்தது. ஆஞ்சலா இங்கிருந்தே கூடப் பாட ஆரம்பித்தாள். டேரில் தொடையில் தாளம் போட்டான். ஐரின் அன்றைக்குத்தான் நன்றாகப் பசித்துச் சாப்பிட்டாள்.