நிரோசினியின் காது

நிரோசினிக்கு இரண்டரை வயதாகியும் வாயில் ஒரு சொல் வரவில்லை. அதற்காக ஜெயபுரத்தில் அந்த ஒழுங்கையில் குடியிருந்த ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்படுவதாவது! அந்தப் பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டல்லவா ஆடினார்கள்.

காரணம் இதுதான். குண்டு போடுகிற கிபிர் விமானம் வருவதை எல்லாருக்கும் முந்தி அவள்தான் அறிந்தாள். பாலை மரத்தடியில் ஒரு பனங்குற்றியில் குந்தியிருந்து, தடியால் மண்ணைக் கீறிக்கொண்டிருப்பாள். திடீரென்று கை நிற்கும். தலை மெல்ல நிமிரும். பிறகு எழுந்து, ஓடாமல், அழாமல், பதுங்குவதற்கு வெட்டிய பங்கர் வாசலை நோக்கி நடப்பாள். அவள் நடந்தால் ஒழுங்கையே ஓடும். கடைசி ஆள் பங்கருக்குள் இறங்கவும் தலைக்கு மேலே இரைச்சல் வரவும் சரியாக இருக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து நெல் விதைக்கிறவர். முல்லைத்தீவுக் கரையை விட்டு ஓடிவந்த அல்பேர்ட்டின் குடும்பத்துக்குத் தன் வளவுக்குள் கொட்டில் போட இடம் கொடுத்தவரும் அவர்தான். வயலுக்குப் போகமுன் வேலிக்கு மேலால் எட்டிப் பிள்ளையைப் பார்ப்பார். அவள் பேசாமல் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போவார்.

பெற்ற தகப்பன் அல்பேர்ட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. "இது எங்கடை அப்புவின்ரை காது" என்று வாறவன் போறவனுக்கெல்லாம் சொன்னான். அவனுடைய தகப்பன் கடலில் மீன் கூட்டம் துள்ளுகிற சத்தத்தை வைத்தே வலை போட்டவராம். அவருடைய வள்ளத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தாலும் விழுங்க வேண்டும். அந்தச் சட்டத்தை அல்பேர்ட் கொட்டிலுக்குள் கொண்டுவந்துவிட்டான். பிள்ளைக்குப் பக்கத்தில் கதை பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. ஒழுங்கைப் பிள்ளைகள் விளையாட வந்தால் துரத்திவிட்டார்கள். காது கலங்கிவிடுமாம்.

அந்தக் காது எப்படி வந்ததென்று யூலியானாவுக்கு மட்டும் தெரியும். அவள்தானே தாய். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, இடம்பெயர்ந்து வந்த வழியில், யாரோ ஒருவரின் பங்கருக்குள் சனத்தோடு சனமாக நெரிந்துகொண்டு இருந்தாள். பிள்ளை வீரிட்டு அழுதது. "அதின்ரை வாயைப் பொத்து" என்று இருட்டுக்குள் ஒரு குரல். மேலே அப்படி இரைந்துகொண்டு பறக்கிறவனுக்கு ஒரு குழந்தையின் அழுகை எங்கே கேட்கப் போகிறது? அதை ஒருவரும் யோசிக்கவில்லை. பயம் யோசிக்கவா விடும்? பொத்தினாள். அடுத்த முறையும் பொத்தினாள். பிறகு பொத்த வேண்டிய தேவையே வரவில்லை. பிள்ளை அழுகையை விட்டுவிட்டது.

அன்று தொட்டு யூலியானாவுக்குத் தன் பிள்ளையைக் கண்டால் பயம். பெற்ற பிள்ளைக்குப் பயப்படுகிறோமே என்ற வெட்கம் வேறு. குசினியில் வேலையாக இருக்கும்போது முதுகு கூசும். திரும்பினால் வாசலில் நிரோசினி நிற்பாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அந்தக் கண்கள் தாயைப் பார்ப்பதில்லை. தாய்க்குப் பின்னால், எங்கேயோ தொலைவில், இன்னும் வராத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மர நிழலில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்க வந்த தாதி, மிஸ்ஸிதான் முதலில் முகம் சுளித்தாள். பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒரு நெருப்புப்பெட்டியைக் குலுக்கினாள். பிள்ளை சட்டென்று திரும்பியது.

"காது நல்லாக் கேக்குது. வீட்டிலை ஆர் இவவோடை கதைக்கிறது?"

"ஒருத்தரும் கதைக்கிறேல்லை மிஸ்ஸி. கதைச்சால் பிளேன் சத்தம் இவளுக்குக் கேளாதாம்."

மிஸ்ஸி நெருப்புப்பெட்டியைப் பைக்குள் வைத்தாள். ஏசத்தான் வாயெடுத்திருப்பாள். ஆனால் ஏசவில்லை.

"இந்த வயசிலை கதை குடுக்காமல் விட்டால் பிறகு எடுக்கிறது கஷ்டம், தங்கச்சி. சோறு தீத்தேக்கை கதையுங்கோ. குளிக்க வாக்கேக்கை கதையுங்கோ. மண்ணிலை இருந்து அவவோடை விளையாடுங்கோ. அவ ஒரு சத்தம் போட்டால் நீங்களும் ஒரு சத்தம் திருப்பிப் போடுங்கோ. இதுக்கு மருந்து என்னட்டை இல்லை, உங்களிட்டைத்தான் இருக்கு."

அல்பேர்ட் இரணைமடுக் குளத்துக்கு வலையோடு போனால் திரும்பி வர நாளெடுக்கும். அவன் போன அன்றே யூலியானா குசினியில் மீன் வெட்ட இருந்தவள், பிள்ளையைப் பக்கத்தில் இருத்தினாள்.

"இஞ்சை பார் பிள்ளை. இது மீனின்ரை கண். இது செட்டை. அம்மா இப்ப வாலை வெட்டப் போறன்."

தன் குரல் தனக்கே யாரோ பிறத்தியாருடையது போல இருந்தது. பிள்ளை கிட்ட வந்தது. தாயின் வாயையே பார்த்தது. பிறகு தன் சின்ன உள்ளங்கையைத் தூக்கி அந்த வாயை இறுக்கிப் பொத்தியது. பொத்திக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தது.

யூலியானா கத்தியைப் போட்டுவிட்டு, மீன் நாறுகிற கையோடு இருந்து அழுதாள். தான் கொடுத்ததைத்தானே பிள்ளை திருப்பித் தருகிறது. வேறு எதைத் தரும், பாவம்?

அழுது முடித்தபோதும் அந்தக் கை எடுபடவில்லை. யூலியானா அந்தக் கைக்குள்ளேயே கதைத்தாள். மீன், வால், உப்பு, சட்டி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். பிள்ளை கையை எடுத்தது. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மூச்சுப் பட்டு ஏதோ கூசியிருக்க வேண்டும். திரும்பவும் கொண்டுபோய் வாயில் வைத்தது.

அதற்குப் பிறகு யூலியானாவின் வாய் ஓயவில்லை. சிரட்டையில் மண் சோறு காய்ச்சினார்கள். தாய் ஒரு சிரட்டை கவிழ்த்தால் மகள் ஒரு சிரட்டை கவிழ்த்தாள். தாயின் விரல்கள் நண்டாகி மகளின் உள்ளங்கையிலிருந்து தோளடிக் கமக்கட்டு வரை ஊர்ந்து போயின. முதலில் பிள்ளை அந்த நண்டை வெறித்துப் பார்த்தது. பிறகு ஒருநாள் நண்டு கமக்கட்டுக்குப் போய்ச் சேரமுன்னமே சிரித்துவிட்டது. யூலியானா தன் பிள்ளையின் சிரிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். கேட்டதும் ஆசை அடங்கவில்லை. இன்னொருமுறை, இன்னொருமுறை என்று நண்டை விட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்படித்தான் ஒரு காலையும் விடிந்தது. தில்லைநாதன் வழக்கம்போல வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பனங்குற்றியில் ஆளில்லை. நிரோசினி குசினி ஓரம் தாயோடு இருந்து கெக்கட்டம் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிற பிள்ளைக்கு என்ன பயம் என்று நினைத்து அவர் வயலுக்குப் போய்விட்டார்.

கிபிர் வந்தது. நிரோசினி தலை நிமிரவில்லை. நண்டு அப்போதுதான் முழங்கையைத் தாண்டியிருந்தது. இரைச்சலோடு இரைச்சலாகக் குண்டும் விழுந்தது. தில்லைநாதனை வயல் வரம்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் தப்பியது. வலது கால் தப்பவில்லை.

அவருடைய மனைவி மீனம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு கொட்டில் வாசலில் வந்து நின்றாள். அவள் கத்தியிருந்தால் யூலியானா தாங்கியிருப்பாள். அவள் கத்தவில்லை.

"உன்ரை பிள்ளை சிரிச்சதுக்கு என்ரை மனிசன்ரை கால் போயிட்டுது, யூலியானா."

அல்பேர்ட் வந்து கேள்விப்பட்டான். "இனி அவளோடை வாய் திறந்தியெண்டால் தெரியும்" என்றான். யூலியானா எதிர்க்கவில்லை. இடம் தந்த மனிதனின் காலைத் தின்றுவிட்டேனே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு. பிள்ளையைக் கொண்டுபோய்ப் பழையபடி பனங்குற்றியில் இருத்தினாள். பிள்ளை கையை நீட்டியது. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் நீட்டியது. பிறகு நீட்டவில்லை. கண்கள் மெல்ல மெல்லத் தொலைவுக்குத் திரும்பிப் போயின. அதைப் பார்த்து ஒழுங்கைக்கு மூச்சு வந்தது.

அடுத்த தடவை நிரோசினியின் கை நின்றது. தலை நிமிர்ந்தது. எழுந்து பங்கரை நோக்கி நடந்தாள். வயலில் நின்ற சனம் முழுவதும் ஓடிவந்து இறங்கியது. முதல் குண்டு அவர்கள் நின்ற வயலிலேயே விழுந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"எங்களைக் காப்பாத்தின தெய்வமடி நீ" என்று இருட்டுக்குள் மீனம்மா பிள்ளையின் தலையைத் தடவினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. யாரும் அப்படித்தான் தடவியிருப்பார்கள்.

விமானங்கள் வட்டமடித்துத் திரும்பிவரும் இடைவெளி. ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. நிரோசினி மீனம்மாவின் கையை விலக்கிக்கொண்டு தாயின் மடியில் ஏறினாள். வாசலால் வந்த கொஞ்ச வெளிச்சத்தில் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யூலியானா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிள்ளை காத்திருந்தது. நெடுநேரம் காத்திருந்தது.

"கதை" என்றாள் நிரோசினி.

கரகரத்த சின்னக் குரல். அது எங்கேயிருந்து வந்ததென்று பங்கருக்குள் இருந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள்.

"கதை, அம்மா."

"உஷ்" என்றாள் மீனம்மா.

"வேண்டாம் யூலியானா" என்று அல்பேர்ட் அவள் தோளைப் பிடித்தான். "நீ இப்ப துவங்கினால் நாளைக்குப் பிளேன் சத்தத்தை ஆர் கேட்டுச் சொல்லுறது? இவ்வளவு சனத்தின்ரை உயிரடி."

"நாளைக்கு நீங்கள் கேளுங்கோ. உங்களுக்கும் காது இருக்குத்தானே. வேணுமெண்டால் நான் வெளியிலை நிண்டு பாக்கிறன். இவளை விடுங்கோ. இவள் பிள்ளை."

மீனம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும் இரைச்சல் இப்போது எல்லாருக்கும் கேட்கத் தொடங்கியிருந்தது.

"ஓம் பிள்ளை, அம்மா கதைக்கிறன்" என்றாள் யூலியானா. "இது பங்கர். இது மண். மேலை போறது பிளேன். அது போனாப் பிறகு நாங்கள் வீட்டை போய்ச் சோறு காய்ச்சுவம்." நாளைக்கு யாருடைய கால் போகுமோ, யாருடைய உயிர் போகுமோ என்று நெஞ்சு நடுங்கியது. நடுங்க நடுங்கக் கதைத்தாள்.